உருட்டுறதைத் தவிர எங்களுக்கு என்ன வேலை?

எட்டாம் வகுப்பில் பாசனம் குறித்த பாடத்தை விளையாட்டாக நடத்தலாம் என்று ஒரு நாள் முடிவு செய்தேன். எங்கள் பள்ளி மதுரையிலிருந்து மேலூர் செல்லும் வழியில் உள்ளது. பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் பாதையிலேயே கண்மாய் இருக்கிறது. அட்டையில் கண்மாய், மடை, கால்வாய், வயல்கள் என வரைந்து வண்ணம் தீட்டினேன். தாயக்கட்டையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு ஏற்பத் தண்ணீரை நகர்த்த வேண்டும். தண்ணீர் வந்து சேரும் கட்டத்தில் ஒரு கேள்வி இருக்கும். சரியாகப் பதில் சொன்னால் மேலே போகலாம். இரண்டு இரவு செலவழித்துச் செய்த ஆட்டம் அது.

முதல் பத்து நிமிடம் கலகலப்பாகப் போனது. பிறகு கடைசி வரிசை மாணவன் ஒருவன் கட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "சார், உருட்டுறதைத் தவிர எங்களுக்கு என்ன வேலை?"

வகுப்பில் அதிகம் பேசாத பையன் அவன். நோட்டில் இரண்டு வரிக்கு மேல் எழுதமாட்டான். அலைபேசியிலேயே மூழ்கிக் கிடக்கிறான் என்று அவன் அம்மா என்னிடம் இரண்டு முறை வருத்தப்பட்டிருக்கிறார். அந்தக் கேள்வியை அவன் குறும்புக்காகக் கேட்கவில்லை. எது விளையாட்டு, எது விளையாட்டு வேடம் போட்ட வினாத்தாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

இந்தக் கட்டுரை, அந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான் படித்ததையும் அதன்பின் வகுப்பில் செய்து பார்த்ததையும் பற்றியது.

ஆடுபவர் கையில் என்ன இருக்கிறது?

வீடியோ கேம் வடிவமைப்பவர்கள் 'பிளேயர் ஏஜென்சி' என்ற ஒன்றைப் பற்றி அடிக்கடி பேசுகிறார்கள். தமிழில் அதை 'ஆடுபவரின் தேர்வுரிமை' எனலாம். ஆடுபவர் ஒரு முடிவை எடுக்க வேண்டும், அந்த முடிவால் ஆட்டத்தில் ஏதாவது மாற வேண்டும், மாறியது அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்த மூன்றும் இருந்தால்தான் தேர்வுரிமை உண்டு. 'சிவிலைசேஷன்' என்னும் புகழ்பெற்ற ஆட்டத்தை உருவாக்கிய சிட் மேயர், சுவையான முடிவுகளின் தொடர்தான் விளையாட்டு என்ற கருத்தைச் சொன்னவர்.

இதைப் புரிந்துகொள்ளக் கணினி தேவையில்லை. நம் வீட்டுத் திண்ணை ஆட்டங்களே போதும். அவற்றை ஒரு படிக்கட்டாக அடுக்கிப் பாருங்கள்.

முதல் படி, பரமபதம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடுவது. ஏணியில் ஏறுவதும் பாம்பின் வாயில் விழுவதும் உருட்டலின் செயல். ஆடுபவர் முடிவு செய்ய எதுவும் இல்லை. விதியையும் வினையையும் உணர்த்தும் ஆட்டத்துக்கு அதுவே பொருத்தம்.

இரண்டாம் படி, தாயம். என்ன விழும் என்பது நம் கையில் இல்லை. ஆனால் விழுந்ததை எந்தக் காய்க்கு வைப்பது என்பது நம் முடிவு. எதிரியின் காயை வெட்டலாம், பயந்த காயை மலையில் ஏற்றலாம், பழமாகப் போகும் காயை ஓட்டலாம்.

மூன்றாம் படி, பல்லாங்குழி. பதினான்கு குழிகளும் கண்ணெதிரே இருக்கின்றன. உருட்டலே கிடையாது. எந்தக் குழியை அள்ளுவது என்பதுதான் ஒரே கேள்வி. மனத்துக்குள் எண்ணிப் பார்ப்பவர் வெல்வார்.

நான்காம் படி, ஆடு புலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று சந்திகள். ஒவ்வொரு நகர்வும் முடிவுதான். அதோடு இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு வேலை. புலி தாவி வெட்டும், ஆடுகள் சேர்ந்து புலியை அடைக்கும். பலம் குறைந்தவர்கள் கூடி நின்றால் என்ன ஆகும் என்பதை எந்த நீதிபோதனையும் இல்லாமல் அந்தக் கோடுகளே சொல்லிவிடுகின்றன.

இந்தப் படிக்கட்டைக் கரும்பலகையில் வரைந்துவிட்டு, நான் தயாரித்த ஆட்டம் எந்தப் படியில் இருக்கிறது என்று வகுப்பைக் கேட்டேன். "பரமபதம் சார்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். "அதுல பாம்பாச்சும் இருக்கும்" என்று ஒரு மாணவி சேர்த்துக்கொண்டாள்.

மதுரை மண்ணில் ஆட்டம் புதிதல்ல. பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ள கீழடியில் சுடுமண் சில்லுகளும் ஆட்டக்காய்களும் தந்தத்தால் செய்த பகடைக்காயும் கிடைத்திருக்கின்றன. 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்பவர்கள், பானை ஓடுகளைக் காட்டியதும் நகர்ந்துவிடாமல் இந்தக் காய்களின் முன் சற்று நேரம் நிற்கலாம். இதை வைத்து எப்படி ஆடியிருப்பார்கள், விதி என்னவாக இருந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். அதைவிட நல்ல வரலாற்றுக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வகை சேரும்போது

வடிவமைப்பாளர்கள் பேசும் இன்னொன்று 'ஜானர்' கலப்பு, அதாவது வகைமைக் கலப்பு. ஓட்டப் பந்தயம், புதிர், சண்டை, கதை என்று விளையாட்டுகளில் வகைமைகள் உண்டு. ஒரு வகையின் விதியை எடுத்து இன்னொரு வகைக்குள் வைக்கும்போது இரண்டிலும் இல்லாத அனுபவம் பிறக்கிறது. 2007இல் வெளியான 'போர்ட்டல்' ஆட்டம் பார்வைக்குத் துப்பாக்கிச் சண்டை ஆட்டம் போலவே இருக்கும். ஆனால் கையில் உள்ள கருவி குண்டு பாய்ச்சாது, சுவரில் வாசல் திறக்கும். சண்டை ஆட்டத்தின் உடலுக்குள் புதிர் ஆட்டத்தின் உயிர். நம் தாயமும் யோசித்துப் பார்த்தால் பந்தயம், வெட்டு, அதிர்ஷ்டம் மூன்றும் கலந்ததுதான்.

இதற்கு நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2023 ஜூலையில் கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த விசை கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் 'வெண்பா' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் படைப்புக்கான விருதைப் பெற்றது. என் அண்ணன் மகனின் மடிக்கணினியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அதை ஆடினேன். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

சமையல் புதிரும் குடும்பக் கதையும் கலந்த ஆட்டம் அது. வெண்பாவிடம் தாயின் சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. ஆனால் பக்கங்கள் சிதைந்திருக்கின்றன. எது முதலில், எது பிறகு என்று இட்லிக்கும் புட்டுக்கும் பிரியாணிக்கும் நாமே ஊகித்துச் செய்ய வேண்டும். தவறினால் மறுபடி செய்யலாம், தண்டனை இல்லை. இந்தப் புதிரைத் தனியாக எடுத்தால் சாதாரணமானதுதான். கதையோடு சேரும்போது, அழிந்துபோன வரிகளை நிரப்புவது, புலம்பெயர்ந்த வீட்டில் மொழியையும் ருசியையும் காப்பாற்றுகிற வேலையாகவே மாறிவிடுகிறது. அந்தப் பொருளைச் சொல்லிக்கொடுக்க யாரும் வரவில்லை. நம் கைகளே கண்டுபிடிக்கின்றன.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. அடுப்படியில் அவ்வளவு வேலை கொடுக்கும் அந்த ஆட்டம், கதையின் பெரிய திருப்பங்களை நம்மிடம் கொடுப்பதில்லை. பேச்சில் சில இடங்களில் எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுக்கலாம். எதைத் தேர்ந்தாலும் கவின் வளர்வான், தமிழிலிருந்து விலகுவான், வீட்டிலிருந்து தள்ளிப் போவான். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகுதான் புரிந்தது. பிள்ளைக்கு என்ன சமைப்பது என்பது தாயின் கையில் இருக்கிறது, அவன் என்னவாக ஆவான் என்பது அவள் கையில் இல்லை. பின்னர் ஒரு கட்டத்தில் ஆட்டம் நம்மை வளர்ந்த கவினாக ஆக்குகிறது. அப்போது கரண்டி அவன் கைக்கு வருகிறது.

எல்லா உரிமையையும் அள்ளிக் கொடுப்பது நல்ல வடிவமைப்பு அல்ல, எங்கே கொடுப்பது, எங்கே நிறுத்துவது, ஏன் என்று தெரிந்திருப்பதே வடிவமைப்பு என்று அன்று குறித்துக்கொண்டேன். பாடத் திட்டம் எழுதுகிற நமக்கும் இது பொருந்தும்.

ஆட்டம் செய்த ஆசிரியர்கள்

இதெல்லாம் கணினி நிபுணர்களின் வேலை என்று தோன்றினால், 1971ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர் எட்டாம் வகுப்புக்கு வரலாறு நடத்த வேண்டியிருந்தது. மாட்டு வண்டிகளில் மேற்கு நோக்கிக் குடியேறிய மக்களின் பயணம்தான் பாடம். அவர் முதலில் அதை அட்டை ஆட்டமாகவே தொடங்கினார். உடன் தங்கியிருந்த பில் ஹைன்மன், பால் டில்லன்பெர்கர் ஆகிய இரு பயிற்சி ஆசிரியர்களும் சேர்ந்து இரண்டு வாரங்களில் அதைக் கணினிக்கு மாற்றினார்கள். திரை கிடையாது, தாளில் அச்சடித்துத் தரும் டெலிடைப் கருவி மட்டுமே. 'ஓரிகன் டிரெயில்' அப்படித்தான் பிறந்தது. கையில் உள்ள பணத்தில் மாடுகளுக்கு எவ்வளவு, உணவுக்கு எவ்வளவு, துணிக்கு எவ்வளவு என்று மாணவர்கள் முடிவு செய்ய வேண்டும். வழியில் நோயோ மழையோ வரும். வரலாறு, சிக்கனம், அதிர்ஷ்டம் மூன்றும் கலந்த அந்த ஆட்டம் பின்னாளில் அமெரிக்கப் பள்ளிகள் முழுவதும் பரவியது. அதைச் செய்த மூவரும் நம்மைப் போல் பாட நோட்டு எழுதியவர்கள்தான்.

கண்மாய் ஆட்டம்: மூன்று முயற்சிகள்

என் அட்டையை ஓரம் வைத்துவிட்டு, ஆட்டத்தை மாணவர்களையே செய்யச் சொன்னேன். தரையில் சுண்ணாம்புக்கட்டியால் பல்லாங்குழி போல ஏழு வட்டம். அவை ஏழு வயல்கள். முதல் வட்டம் தலைமடை, ஏழாவது கடைமடை. தலைமாட்டில் பெரிய வட்டம், அதுதான் கண்மாய். புளியங்கொட்டைதான் தண்ணீர். தொடக்கத்தில் கண்மாயில் பத்துக் கொட்டை. ஐந்து சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் தாயக்கட்டையில் விழுவது மழை, அத்தனை கொட்டை கண்மாயில் சேரும். கண்மாய் பதினைந்து கொட்டைதான் கொள்ளும். மிஞ்சினால் கலுங்கு வழியே போய்விடும். ஒரு வயலில் நான்கு கொட்டை சேர்ந்தால் அறுவடை. பல்லாங்குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்பது நினைவிருக்கும், அதே கணக்கு.

முதல் முயற்சியில் தண்ணீர் வரிசையாகப் பாய்ந்தது. தலைமடை நிரம்பிய பிறகே அடுத்தது. மூன்று முறை ஆடினோம். மூன்று முறையும் கடைமடை காய்ந்தது. இதிலும் உருட்டுவதைத் தவிர வேலையில்லை.

இரண்டாம் முயற்சியில் ஒரு நீர்பாய்ச்சியை நியமித்தோம். எந்த வயலுக்கு எவ்வளவு என்று அவன் முடிவு செய்வான். ஆட்டம் சூடுபிடித்தது, சண்டையும் வந்தது. நம் பையன் மறுபடி எழுந்தான். "சார், அவன் மட்டும்தான் ஆடுறான். நாங்க ஆறு பேரும் வேடிக்கை பாக்குறோம்." தேர்வுரிமை ஒருவரிடமே குவிந்தால் மற்றவர்களுக்கு அது பரமபதம்தான். குடிமையியலில் நான் பல ஆண்டுகள் நடத்திய அதிகாரப் பகிர்வை அவன் ஒரே வரியில் சொல்லிவிட்டான்.

மூன்றாம் முயற்சியின் விதிகளை அவர்களே எழுதினார்கள். ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வொரு வயல்காரரும் பயிரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நெல் என்றால் நான்கு கொட்டை, ஐந்து புள்ளி. குதிரைவாலி என்றால் இரண்டு கொட்டை, இரண்டு புள்ளி. ஒவ்வொரு சுற்றிலும் ஏழு பேரும் கூடி இரண்டு நிமிடம் பேசி, கை தூக்கி, தண்ணீரைப் பங்கிட வேண்டும். இரண்டாம், நான்காம் சுற்றுகளில் ஒரு கதைச் சீட்டு எடுக்க வேண்டும். 'வரத்துக்காலில் குப்பை அடைத்துவிட்டது', 'மடை உடைந்தது', 'பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்டார்கள்' என்பது போல மாணவிகள் எட்டுச் சீட்டு எழுதினார்கள். தாயத்தின் அதிர்ஷ்டம், பல்லாங்குழியின் கணக்கு, கதை, ஊர்க்கூட்டம் எல்லாம் ஒரே ஆட்டத்தில் கலந்தன. வகைமைக் கலப்பு என்ற சொல்லை நான் அதுவரை வகுப்பில் உச்சரித்திருக்கவில்லை.

கடைசி விதியை அந்தப் பையன் கொண்டுவந்தான். "எந்த வயலாச்சும் அறுக்காம காஞ்சா, எல்லாருக்கும் மூணு புள்ளி போகணும்." தலைமடையில் இருந்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "நாங்க ஏன் சார் குடுக்கணும்?" என்றார்கள். அரை மணி நேரம் வாதம் நடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்குச் சிரமமாகத்தான் இருந்தது. இறுதியில் அந்த விதியோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை ஆடிப் பார்ப்பது என்று முடிவானது. விதி இல்லாத ஆட்டத்தில் தலைமடை முழுக்க நெல், கடைமடை இரண்டும் தரிசு. விதி இருந்த ஆட்டத்தில் நடு வயல்கள் இரண்டு தாங்களாகவே குதிரைவாலிக்கு மாறின.

பிறகுதான் அவன் சொன்னான், அவர்கள் வயல் கடைமடையில் இருக்கிறது, தண்ணீர் வந்து சேராததால் அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று. இத்தனை மாதம் அவனுக்குப் பாசனம் நடத்திய எனக்கு அது தெரியாது. விதிகளைப் படம் வரையும் தாளில் எழுதும் பொறுப்பை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். ஒரு பக்கம் எழுதினான். எழுத்துப் பிழைகள் பன்னிரண்டு இருந்தன. அவற்றை அவனே நண்பனிடம் கேட்டுத் திருத்தினான். அலைபேசியை விட்டுவிட்டான் என்று சொல்ல மாட்டேன், அப்படி நடக்கவில்லை. ஆனால் இப்போது அதில் ஆடும் ஆட்டங்களைப் பற்றி என்னிடம் பேசுகிறான்.

போலித் தேர்வைக் கண்டுபிடிக்க

அந்தப் பேச்சிலிருந்து இன்னொரு பாடம் கிடைத்தது. அலைபேசி ஆட்டங்களில் பல, தேர்வுரிமை இருப்பது போலக் காட்டும், ஆனால் இருக்காது. மூன்று பெட்டிகளில் ஒன்றைத் திறக்கச் சொல்லும். எதைத் திறந்தாலும் உள்ளே என்ன வர வேண்டும் என்பதை நிரல் முன்பே முடிவு செய்திருக்கலாம். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களில் இந்த மயக்கம் குடும்பங்களையே பாதிக்கிறது. அதனால்தான் தமிழ்நாடு அரசு 2022இல் இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்யவும் இணைய விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தவும் தனிச் சட்டம் இயற்றியது. அது அதிர்ஷ்டமா, திறமையா என்ற கேள்விதான் அந்த விவாதத்தின் மையம்.

'விளையாடாதே' என்று சொல்வதைவிட, எந்த ஆட்டத்தையும் மூன்று கேள்வி கேட்கப் பழக்குகிறேன். இதில் நான் முடிவு செய்வது எது? என் முடிவால் உண்மையில் ஏதாவது மாறுகிறதா? நான் மறுபடி மறுபடி அழுத்துவதால் யாருக்கு லாபம்? மூன்றாம் கேள்விக்குப் பதில் தேடும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வகுப்பில் செய்து பார்க்க

இதற்கு நான்கு பாடவேளைகள் போதும். முதல் பாடவேளையில் ஆட்டங்களின் படிக்கட்டை வரைந்து, மாணவர்களுக்குத் தெரிந்த ஆட்டங்களை அதில் பொருத்தச் சொல்லுங்கள். இரண்டாம் பாடவேளையில் பாடப்பொருளைக் கொடுத்து, இரண்டு ஆட்டங்களைக் கலந்து புதிதாக ஒன்றைக் குழுவாக உருவாக்கச் சொல்லுங்கள். மூன்றாவதில் ஒரு குழுவின் ஆட்டத்தை மற்றொரு குழு ஆடட்டும், செய்தவர்கள் பேசாமல் கவனித்துக் குறிப்பெடுக்கட்டும். நான்காவதில் விதிகளைத் திருத்தி, தெளிவான தமிழில் எழுத வேண்டும். படித்தவுடன் மற்றவர் ஆட முடிந்தால் அந்த எழுத்து தேர்ச்சி பெற்றது.

தொடக்க வகுப்புகளுக்கு இதைச் சுருக்கிக்கொள்ளலாம். தாயக்கட்டையில் விழுந்த எண்ணை எந்தக் காய்க்கு வைப்பது, ஏன் என்று சொல்லச் சொன்னாலே கூட்டலும் பேச்சும் ஒன்றாக நடக்கும். உயர்நிலை வகுப்பில் கணித ஆசிரியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 0, 1, 2, 3 என்று முகங்கள் கொண்ட இரண்டு கட்டைகள், இரண்டும் வெற்று விழுந்தால் பன்னிரண்டு என்றால், பதினாறு வாய்ப்புகளின் கூட்டுத்தொகை 60, சராசரி 3.75. ஐந்து சுற்றில் ஏறத்தாழ பத்தொன்பது கொட்டை. தொடக்கப் பத்தையும் சேர்த்தால் இருபத்தொன்பது. ஏழு வயலும் நெல் விதைத்தால் தேவை இருபத்தெட்டு. ஒரே ஒரு கொட்டைதான் மிச்சம். மழை சற்றுப் பொய்த்தாலும் யாரோ ஒருவர் காய வேண்டியதுதான். இதை எங்கள் கணித ஆசிரியர் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. நிகழ்தகவு அன்று ஊர்க் கதையாகிவிட்டது.

ஒரே எச்சரிக்கை. மாணவர்கள் எழுதும் விதி நமக்குப் பிடிக்காமல் போகலாம். சில குழுக்கள் தலைமடைக்கே எல்லாம் என்று எழுதும். அதைத் திருத்தாதீர்கள். ஆடவிட்டு, கடைமடையில் யார் உட்காருவது என்று மட்டும் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள். அடுத்த முறை விதி தானாக மாறும்.

நான் இரண்டு இரவு உழைத்துச் செய்த அட்டை இன்னும் ஆசிரியர் அறை அலமாரியின் மேல் இருக்கிறது. வண்ணம் நன்றாகத்தான் இருக்கிறது. அதில் ஆடுபவர்களுக்கு இடம் விட மறந்திருந்தேன், அவ்வளவுதான்.